டங்கன் போன இடம்

அடிலெய்ட்
4 மே 1969

அன்பு அக்கா,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? ரொவீனா இந்தக் குளிரிலாவது காலுறை போடுகிறாளா, இல்லை இன்னும் வெறுங்காலோடுதான் திரிகிறாளா? நான் நலம். மூக்கு மட்டும் ஒழுகுகிறது. மே மாதத்தில் அடிலெய்டில் யாருக்குத்தான் ஒழுகவில்லை!

சேதி நிறைய இருக்கிறது. நான் எழுதும் டங்கன் தவளைக் கதைகளில் நான்காவது புத்தகம் வந்துவிட்டது. ரொவீனாவுக்கு ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை நம் தவளையார் தொட்டியை விட்டுக் கிளம்பி, ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து, கடற்கரை வரைக்கும் போய்விடுகிறார். பதிப்பகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பள்ளிக்கூடங்களில் ஓயாமல் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு பள்ளியில் பிள்ளைகள் முட்டை அட்டைக்குப் பச்சைச் சாயம் பூசி, தவளை முழிபோலக் கண்ணுக்குமேல் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்று என்னைப் பார்த்துக் கத்தின.

பத்திரிகையில் பேட்டியும் வந்திருக்கிறது. 'டங்கன் எப்படிப் பிறந்தான்?' என்று கேட்டாள் அந்தப் பெண். உள்ளதைச் சொன்னேன். எங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு தவளை இருந்தது, எனக்கு ஆறு வயதானபோது ஒரு குளிர்காலத்தில் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது, அது எங்கே போனதென்று தேடித் தேடித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அடுத்த பிப்ரவரியில் ரொவீனா உயர்நிலைப் பள்ளிக்கு ஊரை விட்டு வந்துதான் ஆக வேண்டும். விடுதி எதற்கு? என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, எலுமிச்சை மரத்தைப் பார்த்த ஜன்னலோடு. அத்தானிடம் பேசிவிட்டு எழுது.

உங்கள் மூவருக்கும் என் முத்தங்கள்.

நோலா


த்ரீ முல்கா பண்ணை
3 ஜூன் 1969

நோலாவுக்கு,

முதுகு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது. க்ளாரியின் இருமல் தூசி அடங்கினால் அடங்கும். காலுறையைப் பற்றி நீ அங்கிருந்து கவலைப்பட வேண்டாம், அதற்கு நான் இருக்கிறேன்.

புத்தகம் வந்தது. முழுவதும் படித்தேன். திருமதி சிடுசிடு இந்த முறையும் வருகிறாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் துடைப்பம், யார் குழாயைத் தொட்டாலும் 'என் தண்ணீர்! என் தண்ணீர்!' என்று ஒரே கூப்பாடு. அவள் யார் என்று உன்னைக் கேட்க மாட்டேன். அந்தப் பூட்ஸ் இப்போதுகூட என் வாசலில்தான் நிற்கிறது. க்ளாரி காலையில், "திருமதி சிடுசிடு, ஒரு டீ கெடைக்குமா?" என்றார். கொடுத்தேன், நாய்க்கு. மனுஷன் அதற்கும் சிரிக்கிறார்.

போன வாரம் பண்ணைப் பிள்ளைகளுக்கு வானொலியில் நடக்கிற பாடத்தில் டீச்சர், "உங்க வீட்ல யாரு கதை சொல்வாங்க?" என்று ஒவ்வொரு பண்ணையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ரொவீனா பேசுகிற பொத்தானை அழுத்தி, "எங்க சித்தி" என்றாள். நீ இந்த வீட்டுப் படி ஏறி நாலு வருஷம் ஆகிறது. நான் பக்கத்து அறையில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அந்த ரொட்டி உப்பவே இல்லை.

பொறாமை என்பாய். சொல்லிக்கொள். உன்னைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துகின்றன, என்னைப் பார்த்துக் கன்றுக்குட்டிகள் கத்துகின்றன. எனக்கு எப்படி இருக்கும்?

பேட்டியையும் படித்தேன். அந்தத் தவளையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ரொவீனா விஷயத்தை நாங்கள் இன்னும் பேசவில்லை.

மூக்கில் யூகலிப்டஸ் எண்ணெய் விடு.

தெல்மா


அடிலெய்ட்
29 ஜூன் 1969

என் கோபக்கார அக்காவுக்கு,

எண்ணெய் விட்டேன், கண்ணெல்லாம் எரிந்தது, மூக்கு நின்றது. அங்கே மழை ஏதாவது உண்டா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். எஞ்சின் டிரைவருக்குக் கூடப் பயப்படாத டங்கன் திருமதி சிடுசிடுவுக்குத்தான் பயப்படுகிறான். அவள் இல்லாவிட்டால் புத்தகத்தில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் அவளைத்தான் கேட்கின்றன. ஒருத்தி அவளுக்குத் தனியாகப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறாள். உன்னைக் கிண்டல் செய்ய எழுதியதில்லை அக்கா. எனக்குத் தெரிந்த பெண்பிள்ளைகளில் பயமில்லாதவள் நீ ஒருத்திதான், அதை எழுதினேன்.

இன்னொரு சேதி, வெளியே சொல்லாதே. இந்த ஆண்டின் சிறந்த குழந்தைகள் புத்தகத்துக்கான பரிசின் கடைசிப் பட்டியலில் டங்கன் இருக்கிறான். ஆகஸ்டில் புத்தக வாரத்தின்போது அறிவிப்பார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரொவீனா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். "சித்தி, நான் உங்ககிட்டயே வந்துடறேன். அம்மாகிட்ட நீங்களே கேளுங்க. நான் கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்" என்று. பார், உன் மகள் உன்னைப் போலவே ஒளிக்காமல் பேசுகிறாள். நான் கேட்கிறேன் அக்கா. சரி என்று சொல்லேன்.

அத்தானை நான் விசாரித்ததாகச் சொல்.

நோலா


அடிலெய்ட்
20 ஆகஸ்ட் 1969

அக்கா, அக்கா, அக்கா,

உன் பதில் வரவில்லை. தபால் விமானம் தாமதமா, உனக்கு உடம்புக்கு ஏதுமா? யாருக்கும் ஒன்றுமில்லையே?

டங்கனுக்குத்தான் பரிசு! தொலைபேசியில் சொன்னபோது நான் அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேடையில் பேசும்போது அம்மா அப்பாவைச் சொன்னேன், நாம் வளர்ந்த அந்த ரயில் பாதையோர வீட்டைச் சொன்னேன், தகரத் தொட்டியைச் சொன்னேன். கைதட்டல் நிற்கவே இல்லை.

உங்கள் பக்கம் வானொலியில் அறிவித்தார்களாமே, நீ கேட்டாயா? பரிசு யாருக்கென்று தெரிந்துகொள்ள எல்லாப் பண்ணைப் பிள்ளைகளும் அன்று மாலை வானொலியை அணைக்காமல் காத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். என் புத்தகத்துக்காக! ரொவீனா எப்படிக் குதித்தாள் என்று எழுது. நீ என்ன சொன்னாய் என்றும் எழுது. உன் வாயால் 'நல்லாயிருக்கு' என்று ஒரு தடவை கேட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

நோலா


த்ரீ முல்கா பண்ணை
9 செப்டம்பர் 1969

அன்புள்ள நோலா,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பரிசு கிடைத்ததில் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி. க்ளாரியும் தன் வாழ்த்தைத் தெரிவிக்கச் சொன்னார்.

இங்கே காற்றாலை ஒன்று பழுதாகி, மாடுகளை வடக்குக் கிணற்றுக்கு ஓட்டினோம். முட்டை விலை ஏறியிருக்கிறது. பேரீச்சம்பழ கேக் ஒன்று அனுப்பியிருக்கிறேன். மேலே கொஞ்சம் கருகியிருக்கும், சுரண்டிவிட்டுச் சாப்பிடு.

பிள்ளைகளிடமிருந்து உனக்குக் கடிதம் ஏதாவது வந்ததா? வந்தால் எல்லாவற்றையும் நீயே உட்கார்ந்து படிக்க வேண்டுமென்று இல்லை. உனக்கு வேலை அதிகம். பதிப்பகத்தில் யாரையாவது பதில் போடச் சொல்லலாம்.

ரொவீனா என்னோடு அதிகம் பேசுவதில்லை. அந்த வயது அப்படி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெல்மா


அடிலெய்ட்
1 அக்டோபர் 1969

தெல்மா,

கேக் வந்தது. நீ என்னை 'அன்புள்ள' என்று அழைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பதிப்பகத்திலிருந்து ஒரு கோணிப்பை நிறையக் கடிதங்கள் அனுப்பினார்கள். பரிசுக்கு வாழ்த்து என்று நினைத்து, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிரித்தேன். முதல் கடிதம்: "நோலா மிஸ், டங்கனை நீங்க வேக வெச்சீங்களாமே, நெஜமா?" அடுத்தது உன் பெயரைச் சொல்லியே: "மிசஸ் ஹாலட் ரேடியோவுல சொன்னாங்க. எங்க தம்பி ரெண்டு நாளா சாப்பிடல." இன்னொரு பிள்ளை படம் வரைந்திருக்கிறது. அடுப்பு, அதன்மேல் தகர வாளி, வாளியிலிருந்து ஒரு பச்சைக் கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற சின்னப் பெண் நானாம்.

நீ என்ன சொன்னாய்? யாரிடம் சொன்னாய்? எனக்கு ஆறு வயது. அவன் ஊர் சுற்றப் போனான் என்று சொன்னவள் நீ. அது உண்மையா இல்லையா என்று மட்டும் எழுது. முட்டை விலையை எழுதாதே.

நோலா


த்ரீ முல்கா பண்ணை
21 அக்டோபர் 1969

நோலா,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்க எனக்கு இப்போது உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உண்மைதான்.

அந்த ஜூலையில் பனி தரையில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அவனுக்குக் குளிரும் என்று நீ அவனைத் தொட்டியிலிருந்து எடுத்து, தகர வாளியில் தண்ணீர் ஊற்றி, வெந்நீர்க் குளியல் என்று அடுப்பின் ஓரத்தில் வைத்தாய். அப்புறம் கோழிக்குத் தீனி போடப் போனவள் மறந்துவிட்டாய். வாளியை நான்தான் பார்த்தேன். அவனைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தேன். நீ வந்து "டங்கன் எங்க?" என்றாய். "எஞ்சின் தொட்டிக்குள்ள ஏறிப் போயிட்டான், கடல் பாக்கணுமாம்" என்றேன். எனக்குப் பதினொரு வயது, அதுதான் வாயில் வந்தது. நீ தினமும் அழுதாய், நான் தினமும் ஒன்று சொன்னேன். எஞ்சின், கடற்கரை, கலங்கரை விளக்கம், எல்லாம் நான் சொன்னது. நான்கு புத்தகம் நீ போட்டுவிட்டாய். நான்கிலும் நான் துடைப்பத்தோடு மட்டும்தான் வருகிறேன்.

இப்போது ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலை ரொவீனா பழைய பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஆறு மாசம் கெடக்கேடி" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "சித்தி வீட்ல கதை இருக்கும். இங்க என்ன இருக்கு? தூசி இருக்கு, நீ இருக்கே" என்றாள். அவள் கடிதம் உனக்கு எப்படி வந்தது என்பதையும் அப்போதுதான் சொன்னாள். தபால் பையைக் கட்டுகிறவள் நான். எனக்குத் தெரியாமல் அவள் அப்பா கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

மாலையில் கிளிக் கச்சேரி. நகரத்துக்குப் போனதும் நீ அதை மறந்திருப்பாய். பெண்கள் எல்லோரும் அவரவர் பண்ணையிலிருந்து வானொலியில் அரட்டை அடிக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நாங்கள் நாளை ஓட்டுகிறோம். வடக்குப் பண்ணை மவிஸ், "தெல்மா, ஒந் தங்கச்சிக்குத்தான் பரிசாம்டி! ஒனக்கு எவ்ளோ பெருமையா இருக்கும்! ஓவர்" என்றாள். 'ஓவர்' என்றால் அடுத்த முறை நமக்கு; நான் பொத்தானை அழுத்தினேன்.

"பெருமையா? கேளு மவிஸ். அந்தத் தவளை எங்க போச்சுன்னு ஒலகமே தேடுது இல்ல? எங்கயும் போகல. இவளே அடுப்புல வெச்சு அவிச்சுட்டா. நாந்தான் பொதச்சேன். அவ அழக் கூடாதுன்னு நான் கதை சொன்னேன், அதையே சொல்லி இவ பரிசு வாங்கறா. எனக்கு என்ன கெடச்சுது தெரியுமா? தொடப்பம்! இப்ப எம் பொண்ணையும் கேக்கறா."

பொத்தான் அழுந்தியிருக்கும்வரை எதிரே யார் கத்தினாலும் நமக்குக் கேட்காது. அதுதான் வினை. நான் கையை எடுத்தேன். அப்புறம் மவிஸ் மெதுவாக, "ஐயோ தெல்மா. புத்தக வாரம்டி. பிள்ளைங்க எல்லாம் செட்டு முன்னால உக்காந்திருக்குதுங்க. ஓவர்" என்றாள். அதற்கப்புறம் யாருடைய பிள்ளையோ பொத்தானை அழுத்திவிட்டு அழுதது. ஓவர் சொல்லாமல் அழுதுகொண்டே இருந்தது. யாரும் நடுவில் பேச முடியவில்லை, எல்லாப் பண்ணையிலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ரொவீனா என் பின்னால் நின்றிருந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

பிள்ளைகளை அழ வைத்ததற்கு வெட்கப்படுகிறேன். உன்னிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னதற்கும் வெட்கப்படுகிறேன். பொறாமைப்பட்டதற்கு மட்டும் இன்னும் வெட்கம் வரவில்லை.

தெல்மா


த்ரீ முல்கா பண்ணை
25 நவம்பர் 1969

நோலா,

இரண்டு விமானம் வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை. பையைக் கொட்டி உதறிக்கூடப் பார்த்துவிட்டேன். கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது.

வானொலி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் ஒடச்சீங்க மிசஸ் ஹாலட், நீங்களே வந்து ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு என்ன தெரியும்? நடந்தது நடந்தபடி சொன்னேன். பனி, வாளி, அடுப்பு, கோழிக்கூண்டு. தங்கச்சிக்குத் தெரியாது, அவள்மேல் தப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் அவளுக்கு நான் சொன்ன கதையை ஆரம்பித்தேன். ஒரு பயல், "செத்த தவளை எப்பிடி கடலுக்குப் போச்சு? ஓவர்" என்று மடக்கினான். "என் தங்கச்சி அழுதா. அதனால போச்சு. ஓவர்" என்றேன். அவன், "சரி, அப்பறம்? ஓவர்" என்றான்.

ஒரு நாளோடு முடியும் என்று நினைத்தேன். இப்போது வாரம் இரண்டு தடவை. மாடு மேய்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம்.

மூன்றாவது தடவை ரொவீனா அடுக்களைக் கதவோரம் வந்து நின்றாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். முடிந்ததும், "இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதே இல்லையேம்மா" என்றாள். அன்றிலிருந்து பேசுகிறாள். போன வாரம், "நான் அடிலெய்ட் போகல, இங்கயே இருக்கேன்" என்கிறாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். இரண்டு நாள் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். நீ தோற்றாய், நான் ஜெயித்தேன் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால், கணக்கில் நான் சொல்லிக்கொடுக்க முடியாத இடத்துக்கு அவள் போய்விட்டாள். வருவாள். நீ கேட்டதற்காக இல்லை, அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

ஒரு வரி எழுது.

தெல்மா


அடிலெய்ட்
20 டிசம்பர் 1969

தெல்மா அக்கா,

உடம்பு நலம். இங்கே வெயில் கொளுத்துகிறது. கிறிஸ்துமஸ் புட்டிங் செய்யவில்லை, யாருக்குச் செய்வது?

உன் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் எழுதாததற்கு அது காரணமில்லை. ஐந்தாவது புத்தகத்தை எழுதப் பார்த்தேன். டங்கனைத் தண்ணீருக்குள் குதிக்க விட முடியவில்லை. குதிக்கிற ஒவ்வொரு தடவையும் அது சுடுகிறதோ என்று கையை இழுத்துக்கொள்கிறேன். பதிப்பகத்தில் கெடு சொல்லிவிட்டார்கள். எனக்கு இதைத் தவிர வேறு தொழில் தெரியாது, அக்கா.

போதாததற்கு, உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது எனக்கு உன்னைப் பற்றி எழுதுகின்றன! "மிசஸ் ஹாலட்டோட டங்கன் நாறுவான். உங்க டங்கன் ஏன் நாறவே மாட்டேங்கறான்?" என்று ஒரு கடிதம். "நீங்க நல்லாதான் எழுதறீங்க, ஆனா அவங்க சொன்னா இருட்டாயிடுது" என்று இன்னொன்று. பத்து வருஷமாக ஒவ்வொரு வரியையும் அடித்து அடித்துத் திருத்துகிறவள் நான். நீ மாவு பிசைகிற கையோடு பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டுப் போகிறாய். எனக்கு வயிறு எரிகிறது.

நீ சொன்னதையெல்லாம் எழுதி அனுப்பேன். நான் பார்க்க வேண்டும்.

ரொவீனாவின் அறைக்குப் புதுத் திரை தைத்திருக்கிறேன்.

நோலா


த்ரீ முல்கா பண்ணை
27 ஜனவரி 1970

நோலாவுக்கு,

ரொவீனாவை விமானத்திலிருந்து நல்லபடியாக இறக்கிக்கொண்டாய் என்று நம்புகிறேன். பரங்கிக்காய் தின்ன மாட்டாள், வற்புறுத்தாதே. தலை பின்னும்போது கத்துவாள், விடாதே. அவளுக்குக் கார்கள் பழக்கமில்லை, தெருவைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொள். பிடிக்க விடமாட்டாள், ஆனாலும் பிடி.

விமானம் கிளம்பியதும் க்ளாரி தொழுவத்துக்குப் போய்விட்டார். நானும் வேலையைப் பார்க்கிறேன். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

தெல்மா


அடிலெய்ட்
22 மார்ச் 1970

அக்கா,

உன் மகள் சுகம், நன்றாகச் சாப்பிடுகிறாள், கணக்கில் வகுப்பிலேயே முதல். தலை பின்னும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது. அத்தானும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ சொன்ன கதைகளை எழுதி அனுப்பச் சொன்னேன், அதற்கு நீ பதில் எழுதவே இல்லை. கவனித்தேன்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருப் பிள்ளைகள் என் தோட்டத்துக்கு வருவது வழக்கம். எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு நான் வாசிப்பேன். போன ஞாயிறு, தட்டுத் தடுமாறி எழுதிய புதிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கத்துக்குள் ஒருவன் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தான், ஒருத்தி கொட்டாவி விட்டாள். ரொவீனா எழுந்து, "சித்தி, நான் ஒண்ணு சொல்லட்டா? அம்மா சொன்னது" என்றாள். எப்படி வேண்டாமென்பது? லாமிங்டன் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

தட்டோடு திரும்பி வந்தால் ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. சாக்லேட் கேக், அக்கா, அதன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை! தட்டைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன்.

அவள் சொன்னாள்: "அந்தத் தங்கச்சிக்கு அவன் செத்தது தெரியாது. தெனம் காலையில தொட்டி மூடியத் தூக்கி, 'டங்கன், சாப்டியா?'ன்னு கேப்பா. அக்கா தொட்டிக்கு அந்தப் பக்கம் பனியில குந்திக்கிட்டு, கொழாயில வாய வெச்சு, 'க்ர்ரோக்'ம்பா. தங்கச்சி நம்பிடுவா. கடல்லேருந்து கொழாய் வழியா பேசறான்னு நெனச்சுக்குவா. அந்தக் குளிர்காலம் முழுக்க அக்காவுக்கு ஒதடு வெடிச்சே கெடந்துது, ஏன்னா கொழாய் ஐஸ் மாதிரி இருக்கும். அவங்க அம்மா கேட்டா, 'காத்துல வெடிச்சுது'ன்னு சொல்லிடுவா."

எதிர்வீட்டுச் சின்னப் பயல், "அப்பறம்?" என்றான். நானும் படியிலிருந்து அதையேதான் கேட்டேன், வாய்க்குள்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதல் புத்தகத்தின் முதல் வரியே அந்தச் சத்தம்தான். அது நீயா, அக்கா? இத்தனை நாளும் அது நீயா?

படியில் நின்று அழுதேன். பொறாமையிலும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் சொல்கிறாள், ஒரு பிள்ளை அசையவில்லை. அவளைப் பார்த்துப் பொறாமை, உன்னைப் பார்த்து அதைவிடப் பொறாமை. நான் எழுதியது எதுவும் யாருடைய உதட்டையும் வெடிக்க வைத்ததில்லை.

இதை எழுத விடு அக்கா. இதுதான் ஐந்தாவது புத்தகம். துடைப்பமும் வேண்டாம், பூட்ஸும் வேண்டாம். முன்னட்டையில் உன் பெயரைப் போடுகிறேன், என் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில். சரி என்று ஒரு வார்த்தை எழுது. இது இல்லாவிட்டால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

நோலா


த்ரீ முல்கா பண்ணை
14 ஏப்ரல் 1970

என் நோலாவுக்கு,

நானும் க்ளாரியும் நலம். ரொவீனா சாப்பிடுகிறாள் என்று நீ எழுதிய வரியை அவர் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

ஆமாம், நான்தான்.

உனக்குப் பொறாமை என்று நீ எழுதியிருந்ததையும் படித்தேன். அதை யாரும் சொல்லாமலே மறுபடி மறுபடி படித்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

முன்னட்டையில் என் பெயரை நினைத்துப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மவிஸ் பார்ப்பாள், வானொலி டீச்சர் பார்ப்பார், க்ளாரி வாயடைத்துப் போவார். ஆசையாகத்தான் இருந்தது.

வேண்டாம், நோலா. எழுதாதே. நான்கு புத்தகமும் உன்னுடையது, பரிசும் உன்னுடையது, துடைப்பக்காரியையும் நீயே வைத்துக்கொள். எஞ்சினும் கடலும் உனக்காகச் சொன்னது, எடுத்துக்கொண்டாய், சரி. அந்தக் குழாய்ப் பக்கம் பனியில் குந்தியிருந்தவள் மட்டும் என்னுடையவள். அவளை நான் ரொவீனாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் யாருக்குச் சொல்கிறாளோ சொல்லட்டும்.

வேறு ஒன்றும் இல்லை என்று எழுதாதே. நீதானே எழுத்தாளர்? தேடு.

ஞாயிற்றுக்கிழமை நீ படியில் நிற்காதே. கீழே இறங்கி வந்து, பிள்ளைகளோடு புல்லில் உட்கார்ந்து கேள். பேனாவை உள்ளே வைத்துவிட்டு வா.

உன் அக்கா
தெல்மா